ஆசிரியருக்கு ஆசிரியர் யார்?
பல்கலைக்கழகத்தில் கற்பிப்போரையும் வழிநடத்துவோரையும் உருவாக்கும் பணி குறித்து

(மொழி மன்றத்தின் பொதுச் சொற்பொழிவு வரிசையில் உம்பாயில் ஆற்றிய உரை)



உம்பாய் என்றால் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது கடற்கரையும் சுட்ட மீன் கடைகளும்தான். எனக்கு இவ்வூர் வேறொன்றையும் நினைவூட்டும். இங்கிருந்து மிதிவண்டியில் போகும் தொலைவிலிருந்த ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினேன். முதற் பத்தாண்டுகள் புள்ளியியல் விரிவுரையாளன். அதன் பின்னர் பிற விரிவுரையாளர்களுக்குக் கற்பிக்கும் முறைகளையும், துறைத்தலைவர்களுக்கு நிருவாகப் பொறுப்புகளையும் பயிற்றுவிக்கும் பிரிவில் இருந்தேன். இப்படியொரு வேலை இருப்பதையே பலர் அறியமாட்டார்கள். "பேராசிரியர்களுக்கே பாடம் நடத்துகிறீர்களா?" என்று வியந்து கேட்டவர் பலர். அக்கேள்விக்கு விரிவாக விடை சொல்லும் வாய்ப்பை மன்றம் இன்று எனக்கு அளித்திருக்கிறது.

1. மரத்தைக் காயப்படுத்தாத கத்தி

மலாயாவில் வாணிக நோக்கில் இரப்பர் முதன்முதலில் பயிரிடப்பட்டது இந்த மலாக்கா மண்ணில்தான். 1896இல் டான் சே யான் என்பார் புக்கிட் லிந்தாங்கில் அதனைத் தொடங்கினார். அன்று தொடங்கிய தொழிலில்தான் நம் முன்னோர் இரண்டு மூன்று தலைமுறைகள் உழைத்துக் கழித்தனர்.

அத்தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வேலைக்கு வந்தவனிடம் நல்ல மரங்களை எடுத்தவுடன் ஒப்படைத்துவிடமாட்டார்கள். கழிக்கப்படவிருக்கும் கிழட்டு மரங்களில் பழகச் சொல்வார்கள். தேர்ந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று கத்தி பிடிக்கும் முறையையும், பட்டையை எவ்வளவு மெல்லியதாகச் சீவுவது என்பதையும் காட்டுவார். காரணம் எளியது. கத்தி ஆழமாகப் போனால் பட்டைக்கடியில் இருக்கும் வளர்படை காயப்படும். அவ்விடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பல ஆண்டுகள் கழித்து அப்பட்டைக்குத் திரும்பி வருபவன்தான் அந்தக் காயத்தின் விளைவை அனுபவிப்பான். வெட்டியவனுக்கு அன்றைய மங்கில் பால் நிறைந்திருக்கும். தவறு அவன் கண்ணுக்குத் தெரியாது.

என் தந்தையார் இதனை ஒரு தொழில் நுணுக்கமாகவே சொன்னார். பின்னாளில் பல்கலைக்கழகத்தில் கற்பித்தலைப் பற்றி எண்ணும் போதெல்லாம் எனக்கு இதுவே நினைவுக்கு வந்தது. தொடக்கப்பள்ளியில் கற்பிப்பவருக்குப் பயிற்சி கட்டாயம். தோட்டப்பள்ளிகளின் தொடக்க காலத்தில் கிராணியோ கங்காணியோ பாடம் நடத்தியதுண்டு. அந்நிலை மாறப் பயிற்சி வகுப்புகளும் பின்னர்ப் பயிற்சிக் கல்லூரிகளும் வந்தன. தஞ்சோங் மாலிமில் 1922இல் தொடங்கப்பெற்ற சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி 1997இல் பல்கலைக்கழகமாகவே உயர்ந்தது. இன்று அங்குத் தமிழாசிரியர்களும் உருவாகின்றனர். ஆறு வயதுக் குழந்தைக்கு எழுத்தறிவிக்கப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் இருபது வயது இளைஞர் இருநூறு பேரை ஒரே மண்டபத்தில் அமர்த்திக் கற்பிக்க எந்தப் பயிற்சியும் வேண்டியதில்லை, முனைவர் பட்டம் ஒன்றே போதும் என்று உலகம் நெடுங்காலம் நம்பிவந்தது.

2. என் முதல் வகுப்பு

அந்நம்பிக்கையின் விளைவுகளுள் நானும் ஒருவன். 1986இல் வெளிநாட்டில் பட்டம் பெற்றுத் திரும்பி ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். சேர்ந்த நாலாம் நாள் நூற்றெண்பது மாணவர்கள் கொண்ட வகுப்பு எனக்கு ஒதுக்கப்பட்டது. பாடத்திட்டம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள், மண்டபம் எங்கே என்று சொன்னார்கள், வேறெதுவும் இல்லை. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, புகுமுக வகுப்பில் ஓராண்டு மலாய்மொழியோடு போராடி மேலே வந்தவன். கற்றலின் துன்பம் எனக்குத் தெரியாததன்று. ஆயினும் அந்த மேடையில் ஏறிய அன்று அது முற்றும் மறந்துபோயிற்று. என் பேராசிரியர்கள் எப்படி நடத்தினார்களோ அப்படியே நானும் நடத்தினேன். கரும்பலகையை இடமிருந்து வலமாக நிரப்பி, அழித்து, மீண்டும் நிரப்பினேன்.

பருவ இறுதித் தேர்வில் ஏறத்தாழப் பாதிப்பேர் தவறினார்கள். துறைக் கூட்டத்தில், "இவ்வாண்டு மாணவர் தரம் குறைவு" என்று சொன்னேன். மற்றவர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த வாரம் மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த மாணவன் ஒருவன் என் அறைக்கு வந்தான். தவறியவர்களுள் அவனும் ஒருவன். நான் அவன் ஊர்ப்பக்கத்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னான்: "ஐயா, தப்பா நினைக்காதீங்க. பதினாலு வாரமும் உங்க முதுகைத்தான் பார்த்தோம். எங்களுக்குப் புரியுதா இல்லையான்னு நீங்க ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கலை."

அவன் போனபின் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். கிழட்டு மரத்தில் பழகாமல் நேரே நல்ல மரத்தில் கத்தி வைத்தவன் நான். என் மங்கு நிறைந்திருந்தது. ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்துகொண்டிருந்தன. காயம் பட்டவர்கள் வேறு.

3. நன்னூல் சொல்லும் நால்வர்

அந்த ஆண்டுதான், பள்ளியில் மேலோட்டமாகக் கேட்டிருந்த நன்னூலின் பொதுப்பாயிரத்தை மீண்டும் எடுத்துப் படித்தேன். பவணந்தி முனிவர் இலக்கணம் சொல்லத் தொடங்கும் முன்னர், கற்பிப்பவன் எப்படிப்பட்டவனாக இருக்க வேண்டும், கற்பவன் எப்படிப்பட்டவன், கற்பிக்கும் முறை எது, கற்கும் முறை எது என்று வகுத்துக்கொண்டே உள்ளே நுழைகிறார். பாடப்பொருளை அறிந்தால் மட்டும் போதாது என்பது அவ்வமைப்பிலேயே அடங்கியிருக்கிறது.

நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றை அவர் உவமையாக்குகிறார். ஆசிரியராகத் தகாதவர்க்கும் நான்கு உவமைகள் தருகிறார். முப்பதாண்டுகள் பல்கலைக்கழக வகுப்பறைகளின் பின்வரிசையில் அமர்ந்து பார்த்த நான், அந்நால்வரையும் நேரில் கண்டிருக்கிறேன்.

முதலாவது, கழற்சிக்காய் இட்ட குடம். காய்களை எந்த முறையில் இட்டாலும் கவிழ்க்கும்போது அம்முறையில் வாரா. நிறையக் கற்றவர், ஆனால் எதை முதலில் சொல்வது, எதைப் பின்னர்ச் சொல்வது என்ற ஒழுங்கு இல்லாமல் அனைத்தையும் கொட்டுபவர். இரண்டாவது, மடல் சூழ்ந்த பனை. அதுவாகப் பழத்தை உதிர்த்தால் பொறுக்கிக்கொள்ளலாம். நாம் நெருங்கிப் பறிக்க இயலாது. மாணவர் அறைக்கதவைத் தட்ட அஞ்சும் பேராசிரியர் இவர். மூன்றாவது, பஞ்சு அடைத்த குண்டிகை. அடைப்பதும் அரிது, எடுப்பதும் அரிது. அரும்பாடுபட்டுக் கற்றிருப்பார், பிறர்க்கு எளிதில் ஈய வாராது. நான்காவது, வளைந்த தென்னை. நீர் வார்ப்பவர் ஒருவர். காய் விழுவது வேறொருவர் வளவில். சம்பளமும் காலமும் தம் மாணவர் பொருட்டுப் பெற்று, உழைப்பின் பயனை முழுவதும் வெளியாலோசனைகளுக்கும் தம் பெயர் உயர்வுக்கும் செலவிடுபவர். முதற் பருவத்தில் நான் குடமாகவும் பனையாகவும் இருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

நன்னூல் சொல்லும் இன்னொரு கணக்கு என் தொழிலையே மாற்றியது. ஆசிரியர் உரைப்பதை எவ்வளவு நன்றாக உள்வாங்கினாலும் ஒருவனுக்குக் கிட்டுவது புலமையின் கால்பங்குதான். உடன் பயில்வோரோடு பழகிப் பெறுவது இன்னொரு கால். எஞ்சிய அரைப்பங்கும் தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே வாய்க்கும். விரிவுரை, குழுப்பணி, மாணவரே எடுத்து விளக்குதல் என்று இன்றைய கல்வியியல் பெரிதும் பேசுவதன் சாரம் இதுவே. நாம் கால்பங்குக்கு முழுநேரத்தையும் செலவிட்டு, முக்கால் பங்கை மாணவரின் தலையெழுத்துக்கு விட்டுவிடுகிறோம்.

4. உலகம் விழித்துக்கொண்ட காலம்

பல்கலைக்கழக ஆசிரியருக்கும் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் நிறுவன வடிவம் பெற்றது சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில்தான். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1962இல் கற்றல் கற்பித்தலுக்கென ஒரு மையத்தை அமைத்தது. 1990இல் எர்னசுட்டு பாயர் என்னும் கல்வியாளர், புலமை என்பது புதியன கண்டுபிடிப்பது மட்டுமன்று. அறிந்தவற்றை இணைப்பதும், வாழ்வில் பயன்படுத்துவதும், கற்பிப்பதும் புலமையே என்று வாதிட்டார். அதற்குப் பின்னர்தான் பதவி உயர்வில் கற்பித்தலுக்கும் இடம் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது.

இந்தியாவில் 1986இன் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 1987 முதல் பல்கலைக்கழக மானியக் குழு கல்விப் பணியாளர் கல்லூரிகளை நிறுவியது. புதிய விரிவுரையாளர்க்கு நான்கு வார அறிமுகப் பயிற்சி, பணியிலிருப்போர்க்கு மூன்று வாரப் புத்தொளிப் பயிற்சி என்பது அதன் அமைப்பு. சென்னை, மதுரை, கோவை எனத் தமிழகத்தின் பல்கலைக்கழக நகரங்களிலும் அவை செயற்பட்டன. 2015இல் அவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் என்று பெயர் மாறின. அத்திட்டம் செய்த நன்மை பெரிது. வெவ்வேறு கல்லூரிகளின் ஆசிரியர்கள் முதன்முறையாக ஒரே அறையில் அமர்ந்து தம் தொழிலைப் பற்றிப் பேசினார்கள். அதன் குறையையும் சொல்ல வேண்டும். பதவி உயர்வுக்கு அச்சான்றிதழ் தேவை என்றானபோது, கற்க வந்தவரோடு சான்றிதழ் பெற வந்தவரும் கலந்தார்.

நம் நாட்டில் 2008இல் உயர்கல்வித் தலைமைத்துவத்திற்கென ஒரு தனி அகாடமி தோன்றியது. அதனை 'அக்கெப்ட்' என்ற சுருக்கப் பெயரால் அறிவோம். 2015ஆம் ஆண்டு உயர்கல்விப் பெருந்திட்டத்தைத் தொடர்ந்து பல்கலைக்கழகங்களுக்கு நிற அட்டைகளால் பெயர்பெற்ற வழிகாட்டி நூல்கள் வந்தன. அவற்றுள் ஆரஞ்சு நூல் விரிவுரையாளரின் பணிப்பாதையைப் பற்றியது. எல்லாரும் ஆய்வு என்னும் ஒரே ஏணியில்தான் ஏற வேண்டும் என்றில்லாமல், கற்பித்தல், ஆய்வு, தொழில்துறை அனுபவம், நிறுவனத் தலைமை என நான்கு பாதைகளை அது பிரித்துக் காட்டியது. சிறப்பாகக் கற்பிப்பவரும் அப்பாதையிலேயே பேராசிரியராகலாம் என்னும் கொள்கை தாளில் எழுதப்பட்டது. தாளிலிருந்து துறைக் கூட்டத்துக்கு அது எந்த அளவு இறங்கியது என்பது துறைக்குத் துறை வேறுபடும்.

5. ஒரு முன்னோடி: தனிநாயகம் அடிகள்

இவ்வமைப்புகள் எவையும் இல்லாத காலத்திலேயே, பல்கலைக்கழகத் தலைமை என்பது என்ன என்பதை நம் மண்ணில் செய்து காட்டியவர் ஒருவர் உண்டு. அவர் தவத்திரு தனிநாயகம் அடிகளார். அவரை உலகத் தமிழ் மாநாட்டின் தந்தையாக நாம் போற்றுகிறோம். இன்று அவரை ஒரு துறைத்தலைவராகப் பார்க்குமாறு உங்களை வேண்டுகிறேன்.

முதலில், அவர் வந்த துறையின் கதை. மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தோன்றியது. அங்கே இந்திய இயல் துறை அமையவிருந்த வேளையில், அதில் வடமொழிக்கு முதன்மையா தமிழுக்கு முதன்மையா என்ற கேள்வி எழுந்தது. தமிழ்முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் தமிழுக்காக இயக்கம் நடத்தினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் ஆளுக்கு ஒரு வெள்ளி என்று நிதி திரட்டப்பட்டது. அந்நாளில் பால்மரம் வெட்டுவோருக்கு ஒரு வெள்ளி சிறு தொகையன்று. அப்படிக் கொடுத்தவர்களுள் என் தந்தையாரும் ஒருவர் என்று வீட்டில் சொல்வார்கள். 1956இல் துறை தொடங்கியது. பின்னர்க் கோலாலம்பூருக்கு மாறியது.

1961இல் அத்துறையின் தலைமைக்கு அடிகளார் வந்தார். அவர் கற்ற வழியைக் கவனியுங்கள். 1913இல் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியைச் சேர்ந்த கரம்பொனில் பிறந்தவர். உரோமையில் இறையியல் பயின்றவர். தமிழை ஆழமாகக் கற்கத் தொடங்கியது, வடக்கன்குளத்துப் பள்ளியில் பணியாற்ற வந்த பின்னர்தான். தாம் ஆசிரியராக இருந்த இடத்திலேயே ஒரு பண்டிதரிடம் மாணவராக அமர்ந்தார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முறையாகப் பட்டம் பெற்றார். 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது தமிழ்த்துறையில் அன்று, கல்வித்துறையில் விரிவுரையாளர் ஆனார். இலண்டன் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த முனைவர் ஆய்வும் பண்டைத் தமிழ் இலக்கியத்தில் கல்விச் சிந்தனை பற்றியதே. சுருங்கச் சொன்னால், கோலாலம்பூருக்கு வந்த தலைவர் கற்பித்தலையே தம் ஆய்வுப்பொருளாகக் கொண்டிருந்தவர்.

அவர் செய்தவற்றுள் மூன்றைக் குறிப்பிடுகிறேன்.

முதலாவது, அடுத்தவர் வேலை செய்வதற்கான கருவிகளை அவர் ஆக்கினார். 1966இல் மலாயாப் பல்கலைக்கழகப் பதிப்பகம் அவருடைய தமிழாய்வு வழிகாட்டி நூற்பட்டியலை வெளியிட்டது. நூற்பட்டியல் தொகுப்பவர்க்குப் புகழ் குறைவு. பயன்படுத்துவோர்க்கு அது பல்லாண்டு உழைப்பை மிச்சப்படுத்தும். அதே ஆண்டில், 1679இல் அச்சான அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ்–போர்த்துகேய அகராதியை மறுபதிப்பாகக் கொணர்ந்தார். போர்த்துகேயர் 1511இல் கைப்பற்றிய இந்த மலாக்காவில் நின்று அதனைச் சொல்வது எனக்குத் தனி மகிழ்ச்சி.

இரண்டாவது, தம் துறையினரை உலகின்முன் நிறுத்தினார். 1964 சனவரியில் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றவர்களுள் அவர் ஒருவர். 1966 ஏப்பிரலில் அம்மன்றத்தின் முதல் மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அவர்கள் அதனைத் தொடங்கிவைத்தார்கள். மாநாட்டை நாம் விழாவாக நினைவுகூர்கிறோம். ஒரு சிறிய துறையின் இளம் விரிவுரையாளருக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். தாம் நூல்களில் படித்த அறிஞர்கள் தம் ஊருக்கே வந்து, தம் கட்டுரையைக் கேட்டு, வினா எழுப்புகிறார்கள். எந்தப் பயிற்சிப் பட்டறையும் அதற்கு ஈடாகாது.

மூன்றாவது, அவர் விலகிய பின்னரும் துறை நின்றது. 1969இல் அவர் மலாயாப் பல்கலைக்கழகத்தை விட்டுச் சென்றார். அவரோடு பணியாற்றியவர்களும் அங்குப் பயின்றவர்களும் துறையைத் தொடர்ந்து நடத்தினர். 1987இல் ஆறாம் உலகத் தமிழ் மாநாடு மீண்டும் கோலாலம்பூரில் கூடியபோது அடிகளார் மறைந்து ஏழாண்டுகள் ஆகியிருந்தன. ஒரு தலைவரை அளக்க அவர் இருந்த ஆண்டுகளைவிட அவர் போன பிறகு வந்த ஆண்டுகளே நல்ல அளவுகோல்.

அடிகளாரோடு உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தோற்றுவித்த வ. அய். சுப்பிரமணியம் அவர்களும் இவ்வகையினரே. திருவனந்தபுரத்தில் மொழியியல் துறையை வளர்த்து, மொழியியலாளர் ஒரு தலைமுறையையே உருவாக்கிய பின்னரே, 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். ஆளை உருவாக்கத் தெரிந்தவரிடம் நிறுவனத்தை ஒப்படைத்தார்கள் என்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

6. நான் கற்ற இரு பாடங்கள்

இனி என் தவறுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பயிற்சிப் பிரிவுக்கு வந்த புதிதில் மூன்று நாள் பட்டறை ஒன்றை நடத்தினேன். தலைப்பு, 'மாணவரை மையமாகக் கொண்ட கற்பித்தல்'. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை நான் மட்டுமே பேசினேன். இரண்டாம் நாள் மாலை மூத்த விரிவுரையாளர் ஒருவர் எழுந்து, மிகப் பணிவாக, "எதைச் செய்யக்கூடாது என்று சொல்கிறீர்களோ அதையே இரண்டு நாளாக எங்களுக்குச் செய்கிறீர்களே" என்றார். அரங்கில் சிரிப்பொலி எழுந்தது, நானும் சிரித்தேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதன்பின் பட்டறைகளைக் குறைத்துக்கொண்டு வகுப்பறைகளுக்குப் போகத் தொடங்கினேன். விரிவுரையாளரின் அழைப்பின் பேரில் பின்வரிசையில் அமர்வேன், யார் பேசினார், எவ்வளவு நேரம் பேசினார், மாணவர் எப்போது எழுதுவதை நிறுத்தினர் என்று மட்டும் குறிப்பேன், தீர்ப்புச் சொல்லமாட்டேன். வெளியே தேநீர்க் கடையில் அக்குறிப்பை அவரிடமே கொடுத்துவிடுவேன். பெரும்பாலோர்க்கு அதற்குமேல் என் அறிவுரை தேவைப்படவில்லை.

இரண்டாவது தவறு சிரிப்போடு முடியவில்லை. சிறிய துறை ஒன்றில் மூத்தவர் மூவர் அடுத்தடுத்து ஓய்வு பெற்றனர். பணியில் சேர்ந்து ஐந்தாண்டுகூட நிறையாத ஒரு தமிழ்ப்பெண், வேறு ஆள் இல்லை என்ற ஒரே காரணத்தால் துறைத்தலைவரானார். நல்ல ஆசிரியர், தோட்டப்பள்ளியிலிருந்து வந்தவர். கால அட்டவணை, வரவுசெலவு, தம்மைவிட மூத்தவர்க்கு ஆண்டு மதிப்பீடு எழுதுதல், தரச்சான்று ஆவணங்கள் என எல்லாம் ஒரே மாதத்தில் அவர் மேசைக்கு வந்தன. என்னிடம் உதவி கேட்டு வந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் தலைமைத்துவப் பயிற்சியின் விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்து, அடுத்த தொகுதி ஆறு மாதத்தில் தொடங்கும் என்றேன். அந்த ஆறு மாதத்துக்குள் அவர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். இரண்டாண்டில் பல்கலைக்கழகத்தையே விட்டுப் போனார். அவர் வழிகாட்டலில் இருந்த ஆய்வு மாணவர்கள் வேறு துறைகளுக்குச் சிதறினர்.

அன்று அவருக்குத் தேவைப்பட்டது பயிற்சித் தொகுதி அன்று. வாரம் ஒருமுறை அரைமணி நேரம் அருகில் அமர்ந்து, "இதை இப்படிச் செய்யலாம், இதை இப்போது விட்டுவிடலாம்" என்று சொல்லும் ஓர் அனுபவசாலி. தோட்டத்தில் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் செய்தது அதைத்தான். நான் படிவம் நீட்டினேன். அந்தப் பெண்ணின் முகம் இன்றும் என் நினைவில் இருக்கிறது.

7. தமிழுக்கு இதில் என்ன?

மொழி மன்றத்தின் மேடையில் இவற்றையெல்லாம் ஏன் பேசுகிறேன் என்று சிலர் எண்ணலாம். காரணம் இது. நம் தமிழ்ப்பள்ளிகளின் ஆசிரியர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? பல்கலைக்கழகங்களிலிருந்தும் ஆசிரியர் கல்விக் கழகங்களிலிருந்தும். அவர்களுக்குத் தமிழ் கற்பிப்போர் யார்? எண்ணிக்கையில் மிகச் சிறிய துறைகளில் பணியாற்றும் ஒரு சில விரிவுரையாளர்கள். பெரிய துறையில் ஒருவர் ஓய்வு பெற்றால் காலியிடம் ஒன்று. சிறிய துறையில் ஒருவர் ஓய்வு பெற்றால் ஒரு பாடமே நின்றுபோகிறது. இலக்கணமோ, பழைய இலக்கியமோ, கல்வெட்டோ அவரோடு போய்விடுகிறது. பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகினால் நம் கண்ணுக்குத் தெரிகிறது. உடனே நன்கொடை திரட்டுகிறோம். இந்த ஒழுகல் பதினைந்து ஆண்டு கழித்துத்தான் தெரியும், காயம்பட்ட பட்டையைப் போல.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

ஒன்று, தமிழ் கற்பிக்கும் விரிவுரையாளர்கள் தங்கள் வகுப்பறைக் கதவை ஒருவர்க்கொருவர் திறந்துவிட வேண்டும். பருவத்துக்கு ஒருமுறை இவர் அவர் வகுப்பிலும் அவர் இவர் வகுப்பிலும் அமர்வதற்கு எந்த அமைச்சின் ஒப்புதலும் வேண்டியதில்லை. கூச்சத்தை விட்டால் போதும்.

இரண்டு, ஓய்வு பெற்றவர்களை நாம் மாலை சூட்டி அனுப்பிவிடுகிறோம். மாலையோடு ஒரு வேலையும் கொடுப்போம். ஓய்வு பெறுவதற்கு மூன்றாண்டு முன்பே தம் பாடத்தை ஏற்கவிருக்கும் இளையவர் ஒருவரைத் தெரிந்து, அவரோடு சேர்ந்து அப்பாடத்தை நடத்த வேண்டும். விரிவுரைக் குறிப்புகளைத் தொகுத்துத் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். மாணவர் எங்கே தடுமாறுவர், எந்த எடுத்துக்காட்டு புரியவைக்கும் என்ற அனுபவம் எந்த நூலகத்திலும் இல்லை. அது அவரவர் நினைவில் மட்டுமே இருக்கிறது.

மூன்று, சமூகத்துக்கு. ஆளுக்கு ஒரு வெள்ளி தந்த தலைமுறை கட்டடத்திற்குத் தரவில்லை. ஒரு மொழி பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப்பட வேண்டும் என்பதற்குத் தந்தது. இன்று நம்மிடையே வசதி கூடியிருக்கிறது. தமிழில் முனைவர் ஆய்வு செய்யும் ஒரு மாணவருக்கு வாழ்க்கைச் செலவைத் தருவது, ஓர் இளம் விரிவுரையாளரை ஆய்வு மாநாட்டுக்கு அனுப்புவது, ஒரு துறைத்தலைவருக்கு உதவியாளர் ஒருவரை ஓராண்டுக்கு அமர்த்தித் தருவது ஆகியவை பெயர்ப்பலகையில் வாரா. எனினும் அந்த ஒரு வெள்ளியின் உண்மையான வாரிசுகள் இவைதான்.

நிறைவாக ஒன்று. மெர்லிமாவ் பக்கத்திலிருந்து வந்து என் முதுகைப் பற்றிச் சொன்ன மாணவன், மறுதேர்வில் தேறினான். பின்னர் ஆசிரியரானான். பல்லாண்டு கழித்து ஒரு நிகழ்ச்சியில் சந்தித்தபோது, "நீங்கள் அன்று கோபித்திருந்தால் நான் படிப்பையே விட்டிருப்பேன், ஐயா" என்றார். நான் அவரிடம், "நீங்கள் அன்று வந்திருக்காவிட்டால் நான் இன்னும் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருப்பேன்" என்றேன்.

ஆசிரியருக்கு ஆசிரியர் யார் என்று தொடக்கத்தில் கேட்டோம். துறையில் மூத்தவர் ஒருவர், உடன் பணியாற்றுபவர் ஒருவர், துணிந்து வாய் திறக்கும் மாணவர் ஒருவர் ஆகிய மூவருமே. இம்மூவரும் பேசக்கூடிய சூழலை உண்டாக்குவதுதான் பல்கலைக்கழகத் தலைமை. அதற்கு மேலான இலக்கணம் ஒன்றை முப்பதாண்டில் நான் காணவில்லை.